டிரெய்லர் இழுக்கும் டீசல் பிக்கப்புக்குக் கூடுதல் சக்தி: 5.9 கம்மின்ஸ் இன்ஜினுக்கான முழுமையான வழிகாட்டி

இது 2004 நடுவிலிருந்து 2007 வரை வந்த டாட்ஜ் ரேம் 2500, 3500 பிக்கப்புகளுக்கானது. அதாவது 5.9 லிட்டர் கம்மின்ஸ் காமன் ரெயில் டீசல் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை). கம்பெனியிலிருந்து வரும்போது 325 குதிரைத்திறன், 600 அல்லது 610 பவுண்டு-அடி டார்க் (சுழற்று விசை). ஃபிஃப்த் வீல் (பிக்கப்பின் பின் தட்டில் மாட்டும் பெரிய டிரெய்லர்), குதிரை டிரெய்லர், படகு இழுப்பவர்கள் அமெரிக்காவில் இன்றும் தேடிப்பிடித்து வாங்கும் வண்டி இது. வாங்கிய கையோடு பலரும் செய்வது ஒரு டியூனர், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிச் சக்தி கூட்டும் கருவி, வாங்கி மாட்டுவது. அதைத்தான் கடைசியில் செய்ய வேண்டும்.

காரணம் எளிது. வெறும் வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் பத்து வினாடியில் வேகம் வந்துவிடும், காலை எடுத்துவிடுவீர்கள். 12,000 பவுண்டு டிரெய்லரோடு மலை ஏறும்போது அதே மிதி கால் மணி நேரம் நீடிக்கும். எரிகிற டீசலில் பாதிக்கும் குறைவான பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி எல்லாம் சூடாக எக்ஸாஸ்டிலும் கூலன்டிலும் போய்ச் சேர வேண்டும். இன்ஜின் எவ்வளவு சக்தி தரும் என்பதைவிட, வரும் சூட்டை வண்டி எவ்வளவு நேரம் வெளியேற்றித் தாக்குப்பிடிக்கும் என்பதே இழுவை வண்டியின் எல்லை. கீழே உள்ள வரிசை முழுக்க அதை வைத்துத்தான்.

இலக்கு 400 குதிரைத்திறன் சுற்றுவட்டாரம். அதற்கு மேல் போக விரும்புகிறவர்களுக்கு டர்போ (எக்ஸாஸ்டால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி), இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை), கியர்பாக்ஸ் எல்லாமே வேறு கணக்கு. இழுவைக்கு அது தேவையும் இல்லை.

1. முதலில் எடை போடுங்கள்

நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். முழுத் தண்ணீர், சாமான், ஆட்களோடு டிரெய்லரை மாட்டி ஏறுங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் என்று தனித்தனியாக எடை வரும். அப்புறம் டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை போடுங்கள். வண்டியின் முன், பின் அச்சுகளின் கூட்டு எடையில் இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தில் டிரெய்லர் வண்டியின் மேல் இறக்கும் பாரம் தெரிந்துவிடும்.

ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மொத்த எடைக்கும் அச்சு எடைக்கும் எல்லை போட்டிருக்கும். இன்ஜினில் என்ன செய்தாலும் அந்த எண்கள் மாறாது. பிரேக், சேஸிஸ், டயர் எல்லாம் பழையபடியேதான். பின் அச்சு எல்லையைத் தாண்டியிருந்தால் உங்களுக்குத் தேவை வேறு வண்டி, கூடுதல் சக்தி அல்ல. இந்த இடத்திலேயே சிலருக்கு வேலை முடிந்துவிடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

2. இருக்கும் இன்ஜின் நலமா என்று பாருங்கள்

இந்த வண்டிகளுக்கு வயது இருபதைத் தொடுகிறது. ஒளிந்திருக்கும் குறையைக் கூடுதல் டீசல் ஊற்றி வெளியே கொண்டுவரக் கூடாது.

காற்றுக் கசிவு: டர்போவின் காற்று நுழையும் வாயை அடைத்து, ரெகுலேட்டர் வழியாக 20 பிஎஸ்ஐ காற்றைக் கொடுங்கள். இன்டர்கூலரின் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) ரப்பர் குழாய்களின் மேலும் கிளாம்புகளின் மேலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை வரும் இடம் கசியும் இடம். அடைப்பு தெறித்து வந்தால் காயப்படுத்தும், நேர் எதிரே நிற்காதீர்கள். கறுப்புப் புகை, எக்ஸாஸ்ட் சூடு, இழுவைக் குறைவு என்று வரும் புகார்களில் பல இந்தச் சோதனையிலேயே தீர்ந்துவிடும். கிளாம்பை மாற்றியதுமே வண்டி நன்றாக இழுக்கிறது, இனி எதுவும் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.

இன்ஜெக்டர்: காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, ஐட்லிங்கில் தட்டும் சத்தம், டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். ஆயில் ஏறினால் அதில் டீசல் கலக்கிறது என்று பொருள். இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசலை அளக்கும் ரிட்டர்ன் அளவு சோதனை செய்து, தேறாத இன்ஜெக்டரை இப்போதே மாற்றுங்கள். மூடாமல் ஒழுகும் இன்ஜெக்டர் பிஸ்டனில் துளை போட்டுவிடும். டியூன் ஏற்றிய பிறகு அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கூலிங்: ஏசி கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இடையில் பூச்சியும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடையாய் அடைந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ஏமாறாதீர்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். அதிக அழுத்தம் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். ஏற்றத்தில் கூலன்ட் சூடேறும்போது விசிறி உறுமும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விசிறியை இன்ஜினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச் போயிருக்கலாம்.

கூடவே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும், அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் வார்ப்பையும், பாருங்கள். இந்த இன்ஜினில் அது ஒரே வார்ப்பு. பல வருடச் சூட்டில் நீளம் சுருங்கி, ஓரத்து போல்ட்டுகளை உடைத்துவிடும். கரி படிந்த தடமும், இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்போது வரும் டிக்-டிக் சத்தமும் அடையாளம். மாற்ற வேண்டி வந்தால் பல துண்டாக வரும் மேனிஃபோல்டாகப் போடுங்கள். ஒவ்வொரு துண்டும் தனியாக விரிந்து சுருங்கும், போல்ட் பிழைக்கும்.

3. கேஜ்களை மாட்டுங்கள்

சூட்டைப் பார்க்காமல் சக்தி ஏற்றக் கூடாது. நான்கு கேஜ் வேண்டும்: எக்ஸாஸ்ட் சூடு, பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), கியர்பாக்ஸ் ஆயில் சூடு, சிபி3 என்ற உயர் அழுத்த டீசல் பம்புக்குப் போகும் டீசல் அழுத்தம்.

எக்ஸாஸ்ட் சூட்டைப் பொதுவாக இஜிடி என்பார்கள். அதன் புரோப் டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். துளையிட பயந்து டர்போவுக்குப் பின்னால் மாட்டுகிறவர்கள் அதிகம். டர்போ அந்தச் சூட்டின் ஒரு பங்கை எடுத்து வேலை செய்கிறது என்பதால் பின்னால் எண் குறைவாகத்தான் காட்டும். முழுச் சுமையில் வித்தியாசம் 200, 300 டிகிரி பாரன்ஹீட்கூடப் போகும். பிஸ்டன் படும் பாடு அதில் தெரியாது.

மேனிஃபோல்டின் உள்ளே நடுவில் சுவர் இருக்கும். முன் மூன்று சிலிண்டருக்கு ஒரு வழி, பின் மூன்றுக்கு ஒரு வழி. சுவரிலேயே துளை போட்டுவிடாமல், பின் மூன்று சிலிண்டரின் வழியில், டர்போ ஃபிளேஞ்சுக்குச் சற்று முன்னால் இடம் தேர்ந்தெடுங்கள். டிரில் நுனியிலும் மரை வெட்டும் டேப்பிலும் கிரீஸ் தடவி, கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அடிக்கடி வெளியே எடுத்துத் துடையுங்கள். வார்ப்பிரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டும், மிச்சத்தைக் காந்தக் குச்சியால் எடுத்துவிடலாம். முதல்முறை செய்கிறவர்கள் டர்போவைக் கழற்றி வைத்துவிட்டுத் துளையிடுவது நல்லது. அரை நாள் கூடுதலாகும், ஆனால் டர்பைன் இறக்கை பத்திரமாக இருக்கும்.

இன்னொரு விஷயம். புரோப் வயர் நீளம் போதவில்லை என்று சாதாரணச் செம்பு வயரை ஒட்டி நீட்டாதீர்கள். அது தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் உண்டாகும் சிறு வோல்டேஜை வைத்துத்தான் சூட்டைக் காட்டுகிறது. நடுவில் செம்பு வந்தால் ஒட்டிய இடமும் கணக்கில் சேர்ந்து தப்பான எண் வரும். கேஜ் கம்பெனி தரும் அதே வகை நீட்டிப்பு வயரையே வாங்குங்கள்.

கியர்பாக்ஸ் சூட்டை ஆயில் பேனில் அளப்பதா, கூலருக்குப் போகும் குழாயில் அளப்பதா என்று குழப்பம் வரும். குழாயில் டார்க் கன்வெர்டரின் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) சூடு உடனே தெரியும், எண் சட்டென்று மேலும் கீழும் ஓடும். பேனில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நான் பேனைத்தான் சொல்வேன். அங்கே 200 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 220-ஐத் தாண்டினால் வேகத்தையும் கியரையும் குறைக்க வேண்டும்.

4. மாற்றுவதற்கு முன் ஓர் ஓட்டம்

எதையும் மாற்றுவதற்கு முன், உங்கள் டிரெய்லரோடு ஒரு நீண்ட ஏற்றத்தில் ஏறி எல்லா எண்களையும் எழுதிவையுங்கள். பின்னால் ஒப்பிட வேறு வழி கிடையாது.

இழுவைத் திறனை அளக்கும் எஸ்ஏஇ ஜே2807 என்ற தர முறைக்கு அடிப்படையாக வைத்திருப்பது அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்கு மேலே போகும் டேவிஸ் டேம் ஏற்றத்தை. கோடை வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டபடி மேலே போக வேண்டும். கலிபோர்னியாக்காரர்களுக்கு ஐ-5 சாலையின் கிரேப்வைன் இருக்கிறது. எந்த ஏற்றமானாலும் பரவாயில்லை, திரும்பத் திரும்ப அதே ஏற்றம், அதே டிரெய்லர், அதே வேகம் என்றிருக்க வேண்டும். வெளிச்சூடு, கியர், ஆர்பிஎம், அதிகபட்ச இஜிடி, கூலன்ட், கியர்பாக்ஸ் சூடு, பூஸ்ட் எல்லாவற்றையும் குறியுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதட்டும். நீங்கள் சாலையைப் பாருங்கள்.

5. நிறுத்தும் திறன்

வேகமாக மேலே ஏறும் வண்டி அந்தப் பக்கம் இறங்கியாக வேண்டும். பிரேக் பேட், ரோட்டர், டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் மூன்றையும் சரி செய்த பிறகு, எக்ஸாஸ்ட் வழியை அடைத்து வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போடுங்கள். இந்த வண்டியில் காசுக்கு மிகுந்த பயன் தரும் பொருள் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப் போல் திராட்டில் மூடிக்கொள்ளாது என்பதால், காலை எடுத்தால் மட்டும் வண்டி பெரிதாகப் பிடிக்காது. எக்ஸாஸ்டை அடைத்தால்தான் இன்ஜின் பிரேக்காக மாறும்.

ஆட்டோமேட்டிக் வண்டியானால் இறக்கத்தில் டார்க் கன்வெர்டர் லாக் ஆகியிருக்க வேண்டும், அதாவது அதன் உள் கிளட்ச் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைத்திருக்க வேண்டும். லாக் இல்லாவிட்டால் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் உறுதியான பிடிப்பு இல்லாமல், அடைப்பு வேலை செய்தாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். வாங்கும்போதே இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

6. கியர்பாக்ஸும் கிளட்சும்

புதியவர்கள் அதிகம் பணம் இழக்கும் இடம் இது. டியூன் போட்ட முதல் மாதமே கியர்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்க மனது கஷ்டப்படுகிறது, ஏனென்றால் வரிசையை மாற்றியிருந்தால் அந்தக் கியர்பாக்ஸ் பிழைத்திருக்கும்.

இந்த வருடங்களின் ஆட்டோமேட்டிக் 48ஆர்இ. நான்கு கியர்தான். இதன் பலவீனம் கன்வெர்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச். ஒரே தட்டு, கம்பெனி டார்க்குக்கே அளவாகச் செய்தது. கூடுதல் டார்க் வந்ததும் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் ஆயில் கருகும், அதன் துகள் வால்வு பாடி (கியர்பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தத்தைப் பிரித்துவிடும் பாகம்) முழுக்கப் பரவும்.

வழுக்குகிறதா என்று இப்படிப் பாருங்கள்: நான்காம் கியரில் 60 மைல் வேகத்தில் லாக் ஆனதும் ஆக்சிலரேட்டரை நிதானமாக அழுத்துங்கள். ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். கியர் மாறாமல் ஆர்பிஎம் மட்டும் தாவி ஏறினால் லாக்-அப் வழுக்குகிறது.

தீர்வு ஒரு ஜோடி: பல தட்டு லாக்-அப் கொண்ட நல்ல கன்வெர்டர், ஆயில் அழுத்தத்தைக் கூட்டும் வால்வு பாடி. இரண்டையும் சேர்த்தே போடுங்கள். கன்வெர்டரை மட்டும் மாற்றினால் அதைப் பிடித்துவைக்கும் அழுத்தம் பழையதாகவே இருக்கும். இழுவைக்கு என்று சொல்லியே கன்வெர்டர் வாங்குங்கள், பந்தயத்துக்கான உயர் ஸ்டால் வகை (அதிக ஆர்பிஎம் வரும்வரை வழுக்கவிடும் வகை) மெதுவாக ஏறும்போது ஆயிலை வேகவைத்துவிடும். ஆயில் ஏடிஎஃப்+4 மட்டும். கியர்பாக்ஸின் உள்ளே பிடிக்கும் பேண்டுகளின் அட்ஜஸ்ட்மென்டை சர்வீஸ் கையேட்டில் உள்ளபடி அப்போதே முடித்துவிடுங்கள்.

கையால் கியர் மாற்றும் வண்டி என்றால் கிளட்ச்தான் கேள்வி. 400 குதிரைத்திறன் பக்கம் போகும்போது பழைய கிளட்ச் உயர் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் வழுக்கத் தொடங்கும். இழுவைக்கென்று வரும் பலமான ஒற்றைத் தட்டே போதும். 2005 நடுவில் வந்த ஜி56 கியர்பாக்ஸில் இரட்டைத் துண்டு ஃபிளைவீல் இருக்கும். கிளட்ச் மாற்றும்போது ஒற்றைத் துண்டுக்கு மாறுவது வழக்கம், நியூட்ரலில் கொஞ்சம் கடகடக்கும். அது பழுது அல்ல.

7. டீசல் வரத்து

2004 வண்டிகளில் லிஃப்ட் பம்ப் (டேங்கிலிருந்து சிபி3-க்கு டீசலைக் கொண்டுவரும் பம்ப்) இன்ஜினோடு ஒட்டி இருந்தது, அடிக்கடி கெட்டுப்போகும். 2005 முதல் டேங்குக்குள் போனது. எதுவானாலும் கேஜைப் பாருங்கள். முழுச் சுமையில் 5 பிஎஸ்ஐ-க்குக் கீழே இறங்கினால் சிபி3 பம்ப் உறிஞ்சி வேலை செய்கிறது. தள்ளிக் கொடுக்கும் டீசலுக்குத்தான் அது செய்யப்பட்டது. அப்படி இறங்கினால் சட்டகத்தில் மாட்டும் வெளி லிஃப்ட் பம்பும் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் போடுங்கள். காமன் ரெயிலில் டீசல் 23,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அந்த அழுத்தத்தில் இன்ஜெக்டர் முனையை அரித்துவிடும். ஆகவே பம்பைவிட ஃபில்டர்தான் முக்கியம்.

எச்சரிக்கை ஒன்று: ஓடும் இன்ஜினில் ரெயில் குழாய் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே இழக்க நேரிடும்.

8. காற்றும் எக்ஸாஸ்டும்

இங்கே செலவு குறைவுதான். கம்பெனி டர்போ, ஹோல்செட் எச்இ351சிடபிள்யூ, நம் இலக்குக்குப் போதும். பெரிய டர்போ மெதுவாகத்தான் சுழல ஆரம்பிக்கும், அதுவரை டீசல் அதிகம், காற்று குறைவு, சூடு ஏறும். பாரத்தோடு கிளம்பும் வண்டிக்கு அது நல்லதல்ல. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரும் வேண்டாம். ஓரம் சரியாகப் பொருந்தாவிட்டால் தூசி உள்ளே போய் டர்போ இறக்கையைத் தேய்க்கும். கம்பெனிப் பெட்டியில் புதுக் காகித ஃபில்டரே சிறப்பு. எக்ஸாஸ்டை 4 அங்குலமாக்கலாம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் இருந்தால் அது அப்படியே இருக்க வேண்டும்.

பூஸ்ட் 35 பிஎஸ்ஐ-க்குள் இருக்கும்வரை சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் பழைய ஹெட் போல்ட்டுகள் தாங்கும். அதைத் தாண்டும் திட்டம் இருந்தால் மட்டும் அவற்றுக்குப் பதில் பலமான ஹெட் ஸ்டட் போடுங்கள்.

9. இப்போது டியூன்

முதலில் சட்டம். அமெரிக்காவின் சுத்தக் காற்றுச் சட்டப்படி மாசுக்கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றுவதும் செயலிழக்க வைப்பதும் குற்றம். கலிபோர்னியாவில் மாற்று பாகத்துக்கு அம்மாநிலக் காற்று வாரியத்தின் ஒப்புதல் எண் வேண்டும், 1998 மற்றும் அதற்குப் பிந்தைய டீசல் பிக்கப்புகள் ஸ்மாக் என்ற புகைச் சோதனைக்கும் போக வேண்டும். 2007 நடுவில் வந்த 6.7 லிட்டர் இன்ஜினில் டிபிஎஃப் என்ற டீசல் கரி வடிகட்டி இருக்கிறது, அதைக் கழற்றும் டியூன்கள் பக்கமே போகாதீர்கள். ஒப்புதல் எண் உள்ள டியூனராக வாங்கினால் வண்டியை விற்கும்போதும் சிக்கல் வராது.

இழுவை நிலை என்று பெயரிட்ட, 40 முதல் 70 குதிரைத்திறன் கூட்டும் டியூன் போதும். ரெயில் அழுத்தத்தைப் பற்றி இன்ஜின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி ஏமாற்றும் பெட்டியையும் முழு டியூனரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். எது எவ்வளவு டீசல் கூட்டுகிறது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

இதைக் கவனமாகப் படியுங்கள்: டைமிங்கை, அதாவது டீசல் பீச்சும் நேரத்தை, முன்னால் தள்ளினால் இஜிடி குறையும். எண் குறைந்ததைப் பார்த்து நல்ல டியூன் என்று நினைத்துவிடுவார்கள். டீசல் சீக்கிரம் எரிவதால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது, சூடு எக்ஸாஸ்டுக்குப் போவதற்குப் பதிலாகக் கூலன்டுக்குப் போகிறது, ஹெட் கேஸ்கெட் அடி வாங்குகிறது. இஜிடி குறைந்து கூலன்ட் சூடு கூடினால் டைமிங் அதிகம் என்று சந்தேகப்படுங்கள். நான்காம் படியில் எழுதிவைத்த எண்கள் இங்கேதான் உதவும்.

10. பாரத்தோடு சோதனை ஓட்டம்

முதலில் வெறும் வண்டி, அப்புறம் காலி டிரெய்லர், அப்புறம் முழுப் பாரம். அதே ஏற்றம்.

இஜிடி 1250 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் தொடர்ந்து நிற்க வேண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவை, 1250-க்கு முன்பே உருகக்கூடியது. அடியிலிருந்து பீச்சும் ஆயில்தான் அதைக் காப்பாற்றுகிறது. முந்தும்போது சில வினாடி 1300-ஐத் தொட்டால் பயமில்லை, அங்கேயே நின்றால் காலைத் தளர்த்துங்கள்.

இன்னும் நல்லது ஒரு கியர் குறைப்பது. உயர் கியரில் 1500 ஆர்பிஎம்மில் திணறவிடுவதுதான் புதியவர்களின் பொதுவான தவறு. டீசல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். அந்த வேகத்தில் டர்போ போதிய காற்று தராது, வாட்டர் பம்பும் விசிறியும் மெதுவாகச் சுற்றும். 2000 முதல் 2500-க்குள் வைத்தால் அதே வேகத்தில் இஜிடி கண்ணெதிரே இறங்குவதைப் பார்க்கலாம். இன்ஜின் சத்தம் கூடும், அவ்வளவுதான்.

டெக்சாஸ் சமவெளியில் சரியாக இருந்த டியூன் கொலராடோவில் சரியாக இருக்காது. ஐ-70 சாலையின் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதே டீசலுக்குக் காற்று குறைவு. உயரமான மலைப்பாதைக்குப் போகும் முன் டியூனரை ஒரு நிலை இறக்கிவிட்டுப் போங்கள்.

ஏற்றம் முடிந்து நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். இஜிடி 400-க்குக் கீழே வரும்வரை ஐட்லிங்கில் விடுங்கள். இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் நின்ற ஆயில் அப்படியே கருகிப் படியும்.

11. முதல் 500 மைலுக்குப் பிறகு

இன்டர்கூலர் கிளாம்பு, மேனிஃபோல்ட் போல்ட், எக்ஸாஸ்ட் இணைப்பு எல்லாவற்றையும் குளிர்ந்த இன்ஜினில் மறுபடி முறுக்கிப் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு நிறமும் வாடையும் பாருங்கள். கருகிய வாடை வந்தால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள். இன்ஜின் ஆயிலை மாற்றும்போது ஒரு சிறு குப்பி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். டீசல் கலப்பு, சிலிக்கான், இரும்பு ஆகியவற்றின் அளவு வரும். டீசல் கலப்பு என்றால் இன்ஜெக்டர், சிலிக்கான் என்றால் காற்று ஃபில்டர் ஓரத்தில் கசிவு. வால்வு இடைவெளி எப்போது பார்த்தார்கள் என்று தெரியாவிட்டால் அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்: இன்டேக்குக்கு 0.010 அங்குலம், எக்ஸாஸ்டுக்கு 0.020 அங்குலம், இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு.